வாசகர் கேள்விகள்: பூட்டிக் கிடக்கும் ஊர் வீடு

ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டைப் பற்றிய கடிதங்கள் பல மாதங்களாகச் சேர்ந்துகொண்டே வந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளையும் சேர்ந்தவர்கள் எழுதியவை. தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய தலைமுறை சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் அவை. பிள்ளைகள் ஷா ஆலம், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். வீடோ தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கப்படுகிறது.

கேள்வி: எங்கள் பெற்றோரின் வீடு தாமானின் கடைசி வரிசையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். அம்மா காலத்துப் பழக்கம். சென்ற தீபாவளிக்குப் போனபோது தண்ணீர்க் கட்டண பாக்கி முந்நூறு ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. அடுக்களைக்கு மேலே ஓடு நகர்ந்து, சீலிங் பலகை ஊறித் தொங்கியது. "வாசலைப் பெருக்கிக்கொண்டுதானே இருந்தேன், உள்ளே போய்ப் பார்க்கவில்லை" என்கிறார் அக்கா. அவரைக் கேட்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை. பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரா? (வாசகி, ஷா ஆலம்)

பதில்: அந்த அக்காவின் மீது தவறு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் அவரிடம் சாவியைக் கொடுத்தீர்கள், வேலையைக் கொடுக்கவில்லை. "வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறும் பிள்ளைகள், வாரந்தோறும் ஒருவர் எல்லா அறைகளையும் திறந்து பார்ப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டுக்கொள்பவரோ, யாராவது கதவை உடைத்தால் போன் செய்ய வேண்டும் என்ற அளவில் புரிந்துகொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் உங்கள் அடுக்களைச் சீலிங் ஊறிப்போனது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அடித்தளத்தில் இதே சிக்கலைத்தான் சொல்கின்றன.

ஆகவே பணம் கொடுங்கள். நட்புக்குப் பணம் கொடுப்பதா என்று நீங்கள் கூசுவது புரிகிறது. ஆனால் கூலி இல்லாத வேலையில் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. "இது உங்களுக்கான சம்பளம் இல்லை அக்கா, வீட்டுச் செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டோம், அண்ணனும் ஒப்புக்கொண்டார்" என்று சொல்லி, மாதத்தின் ஒரே தேதியில் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆகும் நேரத்துக்கு உங்கள் ஊரில் புல் வெட்ட வருபவர் என்ன கூலி வாங்குகிறாரோ, அதற்குக் குறையாமல் கொடுப்பது நியாயம். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது வேறு கணக்கு. அதை இதற்கு ஈடாக்கக் கூடாது. அவர் பணம் வேண்டாம் என்று உறுதியாக மறுத்தால், வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அக்காவை அக்காவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மூடுகுழாய் எது, அது எந்தப் பக்கம் திருகினால் அடைபடும் என்பதை அவர் கையாலேயே திருகச் செய்யுங்கள். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது மீட்டரின் முகப்பில் இருக்கும் சிறிய சக்கரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அது மெதுவாகச் சுழன்றால்கூட எங்கோ கசிகிறது என்று பொருள். உங்கள் முந்நூறு ரிங்கிட்டுக்கு உடைந்த குழாய் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கழிவறைத் தொட்டியின் மிதவை சரியாக அடைபடாமல், சத்தமே இல்லாமல் பீங்கானின் பின்சுவரில் நீர் வழிந்துகொண்டிருந்தால், நாளடைவில் அந்தத் தொகை தானாகச் சேர்ந்துவிடும். அந்தச் சுவரை ஒரு துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த காகிதம் ஒன்றை ஒட்டிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் தொட்டியின் ரப்பரை மாற்ற வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் மூடுகுழாய் எப்போதும் அடைத்தே இருக்கட்டும். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியையும் காலியாக்கி, மூடியை இறுக்கிவிடுங்கள்.

பிறகு ஒரே ஒரு தாளில், அவருக்குப் பழக்கமான தமிழில் எழுதிக் கொடுங்கள்: வாரம் ஒரு முறை எல்லா அறைகளையும் திறப்பது, சன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வைப்பது, மழைக்கு மறுநாள் சீலிங்கை அண்ணாந்து பார்ப்பது, தபால் பெட்டியைக் காலி செய்வது, இரண்டு மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. பழுது வந்தால் உங்களைக் கேட்காமலே எவ்வளவு ரிங்கிட் வரை செலவு செய்யலாம் என்பதையும் அதில் எழுத வேண்டும். அது எழுதப்படாததால், ஓடு நகர்ந்ததைக் கண்ட பிறகும் பழுது பார்ப்பவரைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் காசு யார் கொடுப்பது என்று யோசித்தே நாட்களைக் கடத்தும் நல்ல மனிதர்கள் பலர் இருக்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. ஊர் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறேன். மின்சாரத்தின் முதன்மைச் சுவிட்சை அடைத்துவிட்டுப் போவதா, குளிர்சாதனப் பெட்டிக்காக விட்டுவைப்பதா? (வாசகர், ஜூரோங்)

பதில்: குளிர்சாதனப் பெட்டிக்காக ஒரு வீட்டையே மின்னோட்டத்தில் வைத்திருப்பது தேவையற்றது. அதைக் காலி செய்து, துடைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, மடித்த துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சற்றுத் திறந்தபடி விட்டுவிடுங்கள். மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வாசல் விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் இயங்க வேண்டுமானால், அவற்றுக்கான சிறு சுவிட்சுகளை மட்டும் மேலே வைத்து, மற்றவற்றை இறக்கிவிடலாம்.

நம் ஊர்ப்பக்கம் அஞ்ச வேண்டியது இடியை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகல் இடி மின்னல் மிகுதி. சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. தொலைக்காட்சி, இணைய மோடம், தானியங்கி கேட் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்ற வேண்டும், ஆண்டெனா கம்பியையும் சேர்த்து. இடியில் முதலில் பலியாவது பெரும்பாலும் கேட்டின் மின்பலகைதான். அதன் பிளக்கைக் கழற்றினால் கேட்டைக் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பது, வீட்டைப் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மின்கசிவுத் தடுப்பான் தானாக விழுந்துவிட்டால், திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது ஆபத்து. எல்லாச் சிறு சுவிட்சுகளையும் இறக்கிவிட்டுத் தடுப்பானைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ, அந்த வரிசையில்தான் கசிவு இருக்கிறது. அதை மட்டும் கீழே விட்டுவிட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள். தடுப்பானில் இருக்கும் சோதனைப் பொத்தானை, நீங்கள் ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத தடுப்பான் அங்கே இருந்தும் பயனில்லை.

குளிர்சாதனப் பெட்டி ஓடியே ஆக வேண்டும் என்றால், ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து உறைபெட்டியில் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால், இடையில் மின்சாரம் நெடுநேரம் நின்று எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மீனையும் கோழியையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் யாருமே இல்லாதபோது, கொசுப்புழு இருந்ததாகச் சுகாதார அதிகாரிகள் அபராதச் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குடியில்லாத வீட்டுக்கு இது பொருந்துமா? (வாசகர், ஈப்போ)

பதில்: பொருந்தும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், குடியிருப்பவரை மட்டுமன்றி உரிமையாளரையும் பொறுப்பாக்குகிறது. அபராதம் பொதுவாக 500 ரிங்கிட் வரை. அதைச் செலுத்தாமல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தொகை பல மடங்காகலாம். முறையிட விரும்பினால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு நேரில் போவது நல்லது. போகும்போது வீட்டைச் சுத்தம் செய்த படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மழை பட்டதும் பொரிக்கும். ஆகையால் வெளியே கிடக்கும் வாளியைக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூட்டிய வீட்டில் எல்லோரும் மறக்கும் இடங்கள் சில: கழிவறைப் பீங்கான், அதன் தொட்டி, குளியலறைத் தரையின் வடிகால் கிண்ணம், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் நீர்த்தட்டு, இலை அடைத்த கூரையோரத் தகர வாய்க்கால். பீங்கானின் மூடியைச் சாத்தி, பிளாஸ்டிக் தாளால் ஒட்டிவிடுங்கள். வடிகால் கிண்ணத்தில் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் நீரும் சீக்கிரம் வற்றாது, புழுவும் பிழைக்காது. நீர் வற்றினால் அந்த வழியாகக் கரப்பான் பூச்சிகள் ஏறி வரும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். சாமி மேடையில் பூச்செம்பு இருந்தால் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு சித்தப்பாவை வீட்டில் தங்கச் சொன்னோம். எட்டு ஆண்டுகளாக வாடகை இல்லாமல் இருக்கிறார். இப்போது வீட்டை விற்க நினைக்கிறோம். "பன்னிரண்டு வருஷம் ஆனால் வீடு எனக்குத்தான்" என்று உறவினர்களிடம் சொல்கிறாராம். உண்மையா? (வாசகி, கிள்ளான்)

பதில்: உண்மையில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இந்தியச் சட்டத்திலிருந்து நம் பேச்சுக்குள் வந்தது. மலேசியாவில் தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, ஒருவர் எத்தனை காலம் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும், அது உரிமையாளர் வழக்குத் தொடுப்பதற்குத் தடையாகாது.

ஆனால் இதைப் படித்த தெம்பில் பூட்டை மாற்றிவிடாதீர்கள். சித்தப்பா எப்போதாவது வாடகை என்று ஒரு தொகை கொடுத்து, நீங்களும் வாங்கியிருந்தால், அவர் வாடகைக்காரர் ஆகிறார். வாடகைக்காலம் முடிந்தும் வெளியேறாதவரை நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியேற்ற முடியும் என்று 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 7(2) சொல்கிறது. மின்சாரத்தை வெட்டுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் உங்களைத்தான் சிக்கலில் மாட்டும். வாடகையே வாங்காமல் இருந்தீர்கள் என்றால், அவர் உங்கள் அனுமதியின் பேரில் இருப்பவர். அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாக, நியாயமான அவகாசம் கொடுத்து, பதிவுத் தபாலில் எழுதுங்கள். அப்போதும் மறுத்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நிலப் பட்டாவில், கெரானில், யார் பெயர் இருக்கிறது? இன்னும் அப்பாவின் பெயரே இருந்தால் விற்பனையை யாரும் தொடங்க முடியாது. உயில் எழுதாமல் இறந்தவர்களின் சொத்துக்கு, 1955ஆம் ஆண்டின் சிறு மரபுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யும் வழி இருக்கிறது. விசாரணைக்கு வாரிசுகள் அழைக்கப்படுவார்கள். உறவு முற்றிலும் முறிவதற்கு முன்பே அதை முடித்துக்கொள்வது நல்லது.

கூரைக்கும் வேலிக்கும் தம் கைக்காசைப் போட்டதாகச் சித்தப்பா சொன்னால், ரசீதைக் கேளுங்கள், ரசீது இருக்கும் செலவைக் கொடுத்துவிடுங்கள். எட்டு ஆண்டுகள் அந்த வீட்டில் விளக்கெரிந்ததால்தான் அது இன்று விற்கும் நிலையில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இனி யாரையாவது தங்க வைப்பதாக இருந்தால், அவர் காவலுக்காக, வாடகையின்றி, உங்கள் அனுமதியின் பேரில் தங்குகிறார் என்றும், எத்தனை மாத முன்னறிவிப்பில் காலி செய்வார் என்றும் முதல் நாளே ஒரு பக்கம் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்பவர்களுக்கு உங்கள் கடிதமே பதில்.

கேள்வி: வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. ஆள் இல்லாத வீட்டுக்குத் தீக் காப்புறுதி தேவையா? (வாசகர், சிரம்பான்)

பதில்: தேவை. கடன் இருக்கும்வரை வங்கி வற்புறுத்தியதால் புதுப்பித்தவர்கள், கடன் முடிந்த ஆண்டே விட்டுவிடுகிறார்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி என்பது தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே. வெள்ளம், குழாய் வெடிப்பு, திருட்டு ஆகியவற்றுக்கு வீட்டுரிமையாளர் காப்புறுதி என்ற விரிவான திட்டத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: வீடு பொதுவாக 90 நாட்களுக்கு மேல் ஆள் இல்லாமல் இருந்தால், சில இழப்புகளுக்கு ஈடு கிடைக்காது. உங்கள் பத்திரத்தில் எத்தனை நாள் என்று படித்து, வீடு பூட்டியிருப்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை வாங்கி வையுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்ன "ஒன்றும் ஆகாது" என்பது இழப்பீடு கேட்கும் நாளில் உதவாது.

கேள்வி: செம்பனைத் தோட்டத்திலிருந்து எலியும், அதன் பின்னால் பாம்பும் வருகின்றன. அடுக்களை அலமாரியில் மண் கோடு போல ஒன்று ஏறியிருக்கிறது. என்ன செய்வது? (வாசகி, சுங்கை சிப்புட், வீட்டைப் பார்த்துக்கொள்பவர்)

பதில்: வீட்டுக்காரர்கள் எழுதிய கடிதங்களுக்கு நடுவில், பார்த்துக்கொள்பவர் ஒருவரின் கடிதம் வந்ததில் மகிழ்ச்சி. உதிர்ந்த பழத்துக்காகச் செம்பனைக்கு எலி வருவது இயல்பு. தோட்டங்களில் அதற்காகவே ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள். வீட்டு மதிலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் புல் கணுக்காலுக்கு மேல் வளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பலகை, ஓடு, சிமெண்ட் கல் எதையும் மதிலோரம் அடுக்கி வைக்க வேண்டாம். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல், கதவைச் சாத்திவிட்டுப் பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு நிலையத்தையோ அழையுங்கள்.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. கையுறை அணிந்து, குளோரோக்ஸ் கலந்த நீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டுத் துடையுங்கள். இதற்கான கையுறையையும் மருந்தையும் நீங்கள் வாங்கக் கூடாது; வீட்டுக்காரர்தான் வாங்கித் தர வேண்டும்.

அந்த மண் கோடு கரையான் பாதை. அதை உடைக்கவோ, கடையில் வாங்கிய மருந்தை அடிக்கவோ வேண்டாம். கூட்டம் வேறு வழி எடுத்துச் சுவருக்குள் போய்விடும், பிறகு கண்டுபிடிப்பது கடினம். இன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, கரையான் ஒழிப்பு நிறுவனத்தை வரச் சொல்லுங்கள். தாமதத்தால் அலமாரி போனால், தகவல் கொடுத்த தேதி உங்கள் போனில் இருக்கும்.

கேள்வி: வரிச் சீட்டுகள் காலியான வீட்டின் தபால் பெட்டியிலேயே கிடந்து நனைந்துவிடுகின்றன. (வாசகர், பினாங்கு)

பதில்: நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் தபால் முகவரியை மாற்றித் தரச் சொல்லுங்கள், இரண்டும் தனித்தனி அலுவலகங்கள், ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. பேராக்கில் நில வரியை மே 31க்குள் கட்ட வேண்டும். நகராண்மைக் கழகத்துக்கான கதவு வரி ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும். நில வரி பாக்கியைக் கட்டச் சொல்லும் 6ஏ பாரம் அனுப்பப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் கட்டாவிட்டால், நிலத்தையே மாநில அரசு பறிமுதல் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. அந்தப் பாரம் வருவதும் இதே நனைந்த தபால் பெட்டிக்குத்தான்.

கேள்வி: வீட்டைப் பார்க்கும் அம்மாள் வெள்ளிக்கிழமை சாமி மேடையில் விளக்கேற்றுகிறார். தொடரலாமா? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: ஏற்றட்டும், அவர் வீட்டுக்குள் இருக்கும் நேரம் வரை எரியட்டும். மலையேற்றாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

கேள்வி: திருடனை ஏமாற்ற வாசல் விளக்கை இரவு பகலாக எரிய விடுகிறோம். போதுமா? (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: பகலில் எரியும் விளக்கு, வீட்டில் ஆள் இல்லை என்பதைத்தான் தெருவுக்கே சொல்கிறது. இருட்டினால் தானே எரிந்து, விடிந்தால் அணையும் பல்பை மாட்டுங்கள். கூடத்து விளக்கு ஒன்றை நேரச் சுவிட்சில் போட்டு, இரவு பத்து மணி வாக்கில் அணையும்படி வைக்கலாம். வாசலில் ஒரே பூட்டு மாதக்கணக்கில் ஒரே நிலையில் வெளியே தொங்குவதைத் தவிர்த்து, கேட்டின் உட்புறமாகப் பூட்டுங்கள். நீண்ட நாள் வெளியே இருப்பதை ஊர்க் காவல் நிலையத்தில் தெரிவித்து வைக்கலாம். அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.